நிலக்கரியும் பித்தளையும்

பேண்டு வாத்தியம் என்றால் என்னவென்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. நிக்காஹ் நாளில் மாப்பிள்ளை ஊர்வலத்தின் முன்னே, சரிகை வைத்த சிவப்புச் சட்டை அணிந்து, கன்னங்கள் புடைக்க ஊதிக்கொண்டு வருபவர்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அவர்கள் கையில் மின்னும் குழல்களிற் பல வடக்கே மீரட் நகரின் ஜலி கோட்டி என்னும் பகுதியில் செய்யப்பட்டவை. பட்டாளத்து பேண்டு மாஸ்டராயிருந்த நாதிர் அலி என்பவர் 1885-இல் தொடங்கிய நிறுவனமே அங்கு அத்தொழிலுக்கு வித்திட்டது. வெள்ளையர் பட்டாளம் நமக்கு விட்டுச் சென்ற வாத்தியம் அது.

ஆனால் அதே பித்தளைக் குழல், அவ்வெள்ளையரின் சொந்த நாட்டில், பட்டாளத்துக்கும் பிரபுக்களுக்கும் மட்டும் உரியதாய் இருந்துவிடவில்லை. பஞ்சாலையில் நெய்தவனும், பூமிக்கடியில் கரி வெட்டியவனும் அதைக் கையிலெடுத்துத் தமதாக்கிக் கொண்டனர். ஒருவன் வேலையும் அவன் ஊதிய இசையும் ஒரே ஊரில், ஒரே கொட்டகையில், ஒரே கூலியிலிருந்து பிறந்தன. பிறகு ஒரு நாள் வேலை போயிற்று. இசை என்னவாயிற்று என்பதே ஈண்டு நாம் எழுத முற்பட்ட செய்தி. அதற்குச் சான்றாக யார்க்ஷயரின் தென்பகுதியில், பார்ன்ஸ்லி நகருக்கு அருகிலுள்ள கிரைம்தார்ப் என்ற சிற்றூரின் இசைக்குழுவை எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் அந்தக் குழலைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். பழங்காலத்து ஊதுகுழல்களில் இயல்பாய் எழும் சில சுரங்களை மட்டுமே எழுப்ப முடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியர் கண்ட வால்வு என்னும் அமைப்பு இக்குறையைத் தீர்த்தது. வலக்கையின் மூன்று விரல்களால் மூன்று வால்வுகளை அழுத்தினால் எல்லாச் சுரங்களும் கைக்குள் வந்துவிடும். பெல்ஜிய நாட்டவரான அடால்ப் சாக்ஸ் 1840-களில் செய்த சாக்ஸ்ஹார்ன் குழல்களை டிஸ்டின் குடும்பத்தார் பிரிட்டன் முழுவதும் ஊதிக் காட்டிப் பரப்பினர். வயலின் வாசிக்க மெல்லிய விரல்கள் வேண்டும். நெடுங்காலப் பயிற்சியும் வேண்டும். தறியிலும் மண்வெட்டியிலும் காய்த்துப்போன கைக்கு வால்வுக் குழல் இணங்கிற்று. அதுவே இதன் வெற்றிக்கு முதற் காரணம்.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. பிரிட்டிஷ் பித்தளை இசைக்குழுவில் இருபத்தைந்து குழல்கள். கார்னெட் பத்து, ஃப்ளூகல்ஹார்ன் ஒன்று, டெனர் ஹார்ன் மூன்று, பாரிடோன் இரண்டு, யூஃபோனியம் இரண்டு, டிராம்போன் மூன்று, பேஸ் நான்கு, இவற்றோடு முழவுகள். புல்லாங்குழலோ கிளாரினெட்டோ இதில் இல்லை. டிரம்பெட்டுக்குக்கூட இடமில்லை. அடித்தொனி டிராம்போன் ஒன்று நீங்கலாக மற்றெல்லாவற்றுக்கும் இசைக் குறிப்பு ஒரே முறையில் எழுதப்படும். வால்வுக் குழல்கள் எல்லாவற்றுக்கும் விரல் முறையும் ஒன்றே. ஆகவே ஒரு குழலைக் கற்றவன் மற்றொன்றுக்கு மாறுவது எளிது. இன்று ஒருவன் வேலையில் அடிபட்டுப் படுத்துவிட்டால் நாளை அவனிடத்தை வேறொருவன் நிரப்பிவிடலாம். ஏழைகளின் கருவி என்பதற்கு இதைவிட வேறு இலக்கணம் நமக்குத் தோன்றவில்லை.

யார்க்ஷயரிலேயே குவீன்ஸ்பரி என்ற ஊரில் ஜான் ஃபாஸ்டர் என்ற ஆலை முதலாளி இருந்தார். இளமையில் ஊர்க்குழுவில் ஹார்ன் ஊதியவர். அவருடைய நிறுவனம் 1855-இல் தன் தொழிலாளரைக் கொண்டு பிளாக் டைக் மில்ஸ் இசைக்குழுவை அமைத்து, பயிற்சிக்கு இடமும், குழல்களும், ஆலைத் துணியிலேயே தைத்த சீருடையும் தந்தது. இவ்வாறு கொடுத்த முதலாளிகள் பலர். அன்பினால் கொடுத்தார்களா, தொழிலாளி மதுக்கடைக்கும் சங்கத்துக்கும் போகாமலிருக்கக் கொடுத்தார்களா என்று கேட்டால், இரண்டும் உண்டு என்பதே நேர்மையான விடை.

மதுவைப் பற்றி ஒரு வார்த்தை. இக்குழுக்களில் ஒரு கணிசமான தொகுதி மதுவிலக்கு இயக்கத்தின் பிள்ளைகள். 1853-இல் மான்செஸ்டர் நகரின் பெல் வ்யூ பூங்காவில் நடந்த முதற் பெரும் போட்டியில் எட்டுக் குழுக்கள் ஊதின. கேட்க வந்தவர் பதினாறாயிரம் பேர் என்பர். வென்ற குழுவின் பெயரே மாஸ்லி மதுவிலக்கு சாக்ஸ்ஹார்ன் குழு. நம் வாசகர்களுக்கு இது உவப்பான செய்தியாக இருக்கும். ஆனால் பிற்காலத்தில் ஒத்திகை முடிந்ததும் பல குழுவினர் நேரே சென்ற இடம் பீர்க் கடைதான் என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறோம். பெயர்ப்பலகையில் மதுவிலக்கு அப்படியே நின்றது.

பெல் வ்யூவுக்குப் பின் போட்டி ஒரு வெறியாயிற்று. 1860-இல் என்டர்பி ஜாக்சன் என்பவர் இலண்டன் கிரிஸ்டல் பாலஸில் நாடு முழுவதிலுமிருந்து குழுக்களைத் திரட்டி, ஆயிரத்துக்கு மேற்பட்டோரை ஒருசேர ஊதச் செய்தார். இருப்புப்பாதையும் மலிவான உல்லாசப் பயணச் சீட்டும் இல்லையேல் இது நடந்திராது. 1900-இல் அதே மாளிகையில் தேசியச் சாம்பியன் போட்டி தொடங்கிற்று. அம்மாளிகை 1936-இல் எரிந்தபின் வேறிடம் சென்று, 1945 முதல் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் நடந்து வருகிறது.

போட்டி நடக்கும் முறை நமக்கு மிகவும் பிடித்தது. எல்லாக் குழுவும் ஒரே உருப்படியை ஊத வேண்டும். எந்தக் குழு எப்போது என்பது சீட்டுக் குலுக்கி முடிவாகும். நடுவர்களோ திரையிட்டு மூடிய கூடாரத்துக்குள் உட்கார்ந்திருப்பார்கள். ஊதுவது யார், பெரிய ஊர்க் குழுவா சின்ன ஊர்க் குழுவா, நடத்துபவர் நண்பரா பகைவரா என்று அவர்களுக்குத் தெரியாது. காதுக்குள் விழுவது ஒன்றே சாட்சி. எத்தனையோ நீதிமன்றங்களில் இல்லாத ஏற்பாடு இது.

நடத்துபவர் என்றோம். நடத்துநர் என்றவுடன் நம்மவருக்குப் பேருந்து நினைவுக்கு வரும், இவர் வேறு. இந்தக் குழுக்களில் இருவகை நடத்துநர் உண்டு. ஒருவர் ஊரிலேயே இருப்பவர், பேண்டு மாஸ்டர். வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் ஒத்திகை பார்ப்பவர் அவர். சுரங்கத்தில் இரவுமுறை, பகல்முறை என்று ஆட்கள் சிதறிக் கிடக்க, இருப்பவர்களை வைத்துச் சமாளிப்பவரும் அவரே. பத்து வயதுப் பையனுக்கு நம் மத்ரஸா உஸ்தாத் அலிஃப், பே சொல்லிக் கொடுப்பதைப் போலச் சுரம் சொல்லிக் கொடுப்பார். மற்றவர் வெளியிலிருந்து வருபவர், தொழில்முறை இசைவாணர். போட்டி நெருங்கும்போது சில வாரங்கள் வந்து மெருகேற்றி, மேடையில் கோல் பிடிப்பவர். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வகையினர் ஒரே போட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்களை நடத்தி, தமக்குத் தாமே எதிரியாக நின்றதுண்டு. கோப்பையில் பெயர் எழுதப்படுவது இரண்டாமவருக்கு. குழுவை உயிரோடு வைத்திருப்பவர் முதலாமவர் என்பது நம் கருத்து.

இனி கிரைம்தார்ப்புக்கு வருவோம். அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டப்பட்டது. ஊர் என்று ஒன்று வளர்ந்ததே அச்சுரங்கத்தால்தான். 1917-இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, சுரங்கத் தொழிலாளர் ஓய்வு நேரத்துக்கென இசைக்குழு ஏற்பட்டது. இத்தகைய சுரங்கக் குழுக்கள் அந்நாட்டில் ஏராளம். பல ஊர்களில் தொழிலாளியின் வாரக் கூலியிலிருந்து ஒரு சிறு காசு குழுவுக்கெனப் பிடிக்கப்படும். ஊதத் தெரியாதவனும் அதைக் கொடுத்தான். ஆகவே ‘நம் குழு’ என்று அவன் சொன்னபோது அது வெறும் பெருமைப் பேச்சன்று. அவன் காசு அதில் இருந்தது. நன்றாக ஊதுபவன் வேறு ஊரில் இருந்தால், சுரங்க நிர்வாகம் அவனுக்கு வேலை கொடுத்து அழைத்துக் கொள்வதும் வழக்கம். உதடும் விரலும் கெடாதிருக்கத் தரைமேல் இலேசான வேலை கிடைத்தவரும் உண்டு.

கரித்தூள் படிந்த நுரையீரலைக் கொண்டு கார்னெட் ஊதுவது எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். எட்டு மணி நேரம் பூமிக்கடியில் தூசியை உள்ளிழுத்தவன், மாலையில் குளித்துவிட்டு வந்து, அதே மூச்சைச் சீராக்கி, நூலிழை போன்ற ஓர் ஒலியை எழுப்புகிறான். மூச்சுத்தான் அவனது முதல். அதைத்தான் சுரங்கம் நாள்தோறும் தின்றது. சிலரை முழுமையாகவே தின்றது. 1934-ஆம் ஆண்டு செப்டம்பரில் வேல்ஸ் நாட்டின் கிரெஸ்ஃபர்ட் சுரங்கம் வெடித்து 266 பேர் மாண்டனர். பெரும்பாலோரின் உடல்கள் மேலே கொண்டு வரப்படவேயில்லை. ராபர்ட் செயின்ட் என்ற சுரங்கத் தொழிலாளி அவர்கள் நினைவாக ஒரு பண் அமைத்தார். அதற்குச் சொற்கள் இல்லை, குழல்கள் மட்டுமே. ‘சுரங்கத்தார் துதி’ என்று பெயர் பெற்ற அப்பண்ணை, ஆண்டுதோறும் ஜூலை மாதம் டர்ஹம் நகரில் கூடும் தொழிலாளர் திருவிழாவில் குழுக்கள் ஊதும்போது கூட்டம் தொப்பியைக் கழற்றி நிற்கும்.

கிரைம்தார்ப் குழுவை உயர்த்தியவர் ஜார்ஜ் தாம்சன். 1951 முதல் 1972 வரை, இருபத்தோராண்டுகள், அவரே பேண்டு மாஸ்டர். 1970-இல் தேசியச் சாம்பியன் பட்டத்தை அவர் தலைமையில் குழு முதன்முதலாக வென்றது. இப்பெயரை வெளிநாட்டு இசை நூல்களில் தேடினால் ஓரிரு வரிக்கு மேல் கிடைப்பது அரிது. இருபத்தோராண்டு ஒத்திகைகளுக்கு ஓரிரு வரி! பேண்டு மாஸ்டர்கள் எல்லோரின் விதியும் பெரும்பாலும் இதுவே.

அவருக்குப் பின் 1972-இல் வந்தவர் இதற்கு நேர்மாறானவர். எல்கர் ஹோவார்த் 1935-இல் பிறந்தவர். தந்தையும் ஒரு தொழிற்சாலைக் குழுவின் நடத்துநர். ஆகவே கார்னெட் ஒலி கேட்டு வளர்ந்தவர். ஆனால் மான்செஸ்டரில் இசை பயின்றபோது அவருக்கு வாய்த்த தோழர்கள், ஹாரிசன் பர்ட்விஸ்ல், பீட்டர் மாக்ஸ்வெல் டேவிஸ் போன்ற புதுமைக்காரர்கள். இலண்டன் பெரிய வாத்தியக் குழுக்களில் டிரம்பெட் ஊதி, பின்னர் நடத்துநராகி, 1978-இல் ஸ்டாக்ஹோமில் லிகெட்டியின் புகழ்பெற்ற இசை நாடகத்தை முதன்முதலாக அரங்கேற்றியவர் அவர். இத்தகையவர் ஒரு கரிச்சுரங்க ஊரின் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். வேடிக்கை மனிதரும்கூட. தம் இலேசான உருப்படிகளுக்குத் தம் பெயரின் எழுத்துக்களையே மாற்றிப் போட்டு ‘டபிள்யூ. ஹோகார்த் லியர்’ என்ற புனைபெயரில் கையெழுத்திட்டார்.

அவர் செய்த காரியம் துணிவானது. பர்ட்விஸ்லைக் கொண்டு இக்குழுவுக்கென ஓர் உருப்படி எழுதச் செய்தார். 1973-இல் ஹாரோகேட் நகரில் ஊதப்பட்ட அதற்கு ‘கிரைம்தார்ப் ஆரியா’ என்றே பெயர். மெதுவாக நகரும், இருண்ட, கேட்பவனைச் சற்றும் தாலாட்டாத இசை. நடைப்பாட்டும் துதிப்பாட்டும் கேட்டுப் பழகிய காதுகளுக்கு அது கசந்தது. இது நம் இசையா என்று கேட்டவர்கள் உண்டு. 1975-இல் ஜெர்மானியரான ஹென்ஸே எழுதியதும் இக்குழுவுக்கே வந்தது. அதே ஆண்டு ஹோவார்த் தாமே எழுதிய ‘வாணவேடிக்கை’ பெல் வ்யூ போட்டிக்கு உருப்படியாக வைக்கப்பட்டபோதும் முணுமுணுப்பு எழுந்தது. இதற்கிடையே 1974-இல், பி.பி.சி.யின் ப்ராம்ஸ் இசைவிழாவில் பித்தளைக் குழுக்கள் முதன்முறையாக மேடையேறின. ஏறியவை இரண்டு: பிளாக் டைக்கும் கிரைம்தார்ப்பும்.

முணுமுணுத்தவர்களைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. அவர்கள் காசில் வளர்ந்த குழு அது. ஆயினும் ஹோவார்த் அவர்களுக்குச் செய்த மரியாதை ஒன்று உண்டு. சுரங்கத் தொழிலாளிக்கு எளிய பாட்டுப் போதும் என்று பெரிய மனிதர்கள் எண்ணியிருந்தனர். அவரோ ஐரோப்பாவின் கடினமான இசையை அவர்கள் முன் வைத்து, ‘உங்களால் முடியும்’ என்று நடந்துகாட்டினார். அவர்களும் ஊதிக் காட்டினர்.

பிறகு இருண்ட காலம். 1984 மார்ச் மாதத்தில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கி ஓராண்டு நீடித்து, 1985 மார்ச்சில் தோல்வியில் முடிந்தது. தோற்றவர்கள் வேலைக்குத் திரும்பிய நாளில் பல ஊர்களில் சங்கக் கொடி முன்னே செல்ல, குழுக்கள் ஊதிச் சென்றன. தலை குனிந்து நுழையவில்லை. அவ்வளவே அவர்களுக்கு மிஞ்சியது.

1992 அக்டோபர் 13, செவ்வாய்க்கிழமை. ஐம்பது சுரங்கங்களில் முப்பத்தொன்றை மூடப்போவதாக அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன் அறிவித்தார். வேலையிழப்போர் ஏறத்தாழ முப்பதாயிரம். அப்பட்டியலில் கிரைம்தார்ப்பும் இருந்தது. அதே வாரம் சனிக்கிழமை, 17-ஆம் தேதி, ஆல்பர்ட் மண்டபத்தில் தேசியப் போட்டி. குழுவை நடத்தியவர் ஃபிராங்க் ரென்டன். இராணுவ இசைத்துறையில் பணியாற்றி வந்தவர். போட்டி உருப்படி பிலிப் வில்பி எழுதியது; அதன் பெயர் ‘புதிய ஜெரூசலம்’. பைத்துல் முகத்தஸ் என்று நாம் போற்றும் நகரின் பெயர், அவர்கள் வழக்கில் வாக்களிக்கப்பட்ட நல்லுலகுக்கு அடையாளம். நான்கு நாட்களுக்கு முன் பிழைப்பைப் பறிகொடுத்தவர்கள் அதை ஊதினார்கள். திரைக்குப் பின்னாலிருந்த நடுவர்களுக்கு ஊதுவது யாரென்று தெரியாது. கிரைம்தார்ப் வென்றது.

இந்த இடத்தில் வரலாற்றையும் திரைப்படத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1996-இல் மார்க் ஹெர்மன் இயக்கிய ‘பிராஸ்ட் ஆஃப்’ என்ற படம் இக்கதையைத் தழுவியது. ஊர்ப் பெயரை கிரிம்லி என்று மாற்றினார்கள். படத்தில் ஒலிக்கும் இசை கிரைம்தார்ப் குழு ஊதியதே. பீட் போஸ்ட்லத்வைட் நடித்த டானி என்ற நடத்துநர், கரித்தூள் நோயால் நுரையீரல் அழிந்தவர், வெற்றி மேடையில் நின்று, இசை பெரிதென்று இருந்தேன், மனிதர் அதனினும் பெரிது என்ற பொருளில் பேசிக் கோப்பையை மறுக்கிறார். பார்த்தவர் கண் கலங்கும் காட்சி. ஆனால் 1992-இல் அப்படி எவரும் மறுக்கவில்லை. கோப்பையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். டானி கற்பனை மனிதர். அவர் மேடையில் ஊதச் செய்ததும் வேறு உருப்படி. நமக்கோ, கோப்பையை வாங்கிக்கொண்டு வந்ததே நெஞ்சைத் தொடுகிறது. மறுப்பதற்கு ஒரு பேச்சு வேண்டும். பேச்சைக் கேட்க ஆள் வேண்டும். அவர்களுக்குத் தெரிந்தது ஊதுவது. அதை அன்று எவரும் குறை காணாதபடி செய்தார்கள்.

வெற்றி சுரங்கத்தைக் காக்கவில்லை. 1993 மே மாதம் அது மூடப்பட்டது. மறு ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வொன்று கிரைம்தார்ப்பை நாட்டிலேயே மிக வறிய ஊர் என்று குறித்தது. கடைகள் மூடின, இளைஞர் வேறு நகரங்களுக்குச் சென்றனர்.

குழு மட்டும் மூடவில்லை. இது வியப்புக்குரியது. ஏனெனில் இதற்கு முன்னோர் எடுத்துக்காட்டு வேறுவிதமாக இருந்தது. வடகிழக்கே சவுத் ஷீல்ட்ஸ் ஊரின் செயின்ட் ஹில்டா சுரங்கக் குழு, 1912 முதல் 1926 வரை ஐந்து முறை தேசியப் பட்டம் வென்றது. சுரங்கத்தின் ஆதரவு போனதும் அவர்கள் கூலிக்கு ஊதும் தொழிற்குழுவாக மாறினர். தொழிற்குழு ஆனதால் போட்டிகளின் கதவு அவர்களுக்கு அடைபட்டது. ஊர் ஊராகச் சென்று பிழைத்து, 1937-இல் கலைந்தனர். கிரைம்தார்ப்பினர் அவ்வழி செல்லவில்லை. பகலில் வேறு வேலை, மாலையில் குழல் என்றே இருந்துவிட்டனர். படத்தால் வந்த புகழும் நிறுவனங்களின் உதவியும் கைகொடுத்தன. 2006-இலும் 2007-இலும் மீண்டும் தேசியப் பட்டம் வென்றனர்.

ஆனால் ஒன்று போயிற்று. முன்பு தகப்பன் சுரங்கத்துக்குப் போவான், மகன் அவனோடு ஒத்திகைக்குப் போவான். மகனுக்கு வேலையும் குழலும் ஒரே வாசலில் காத்திருக்கும். அவ்வாசல் அடைபட்டபின், குழுவுக்குத் தேர்ந்த இசைவாணர் பல ஊர்களிலிருந்தும் காரில் வந்து சேர்கிறார்கள். முன்னோரைவிட நன்றாகவே ஊதுகிறார்கள் என்றும் சொல்லலாம். கூலியில் காசு பிடித்துக் கொடுத்தவனின் வீட்டுப் பிள்ளை அங்கே இருப்பது மட்டும் இப்போது தற்செயல்.

2015 டிசம்பர் 18-ஆம் தேதி, யார்க்ஷயரின் கெல்லிங்லியில், பிரிட்டனின் கடைசி ஆழ்சுரங்கமும் மூடப்பட்டது. எல்கர் ஹோவார்த் 2025-இல், எண்பத்தொன்பதாம் வயதில் காலமானார். ஆழ்சுரங்கம் ஒன்றுமே இல்லாத நாட்டில், முழவின் தோலில் எழுதியிருக்கும் பெயரை அவர்கள் மாற்றவில்லை. கிரைம்தார்ப் நிலக்கரிச் சுரங்க இசைக்குழு என்றே இன்றும் மேடையேறுகிறார்கள்.